ஜூலிக்கு ஆறு வயது என்று சொல்லலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் வீட்டைக் காலி செய்தவர்கள், வளர்த்த வெள்ளைப் பொமரேனியனை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாலு நாளைக்கு என்று தூக்கி வந்தேன், ஐந்து மாதம் ஆகிறது. பெயர் ஜூலி. வயது பத்துக்குக் குறையாது என்கிறார் டாக்டர். சித்திரையில் எனக்கு முழங்கால் ஆபரேஷன். அப்புறம் கோவையில் மகள் வீட்டோடு போய்விடுவேன். அங்கே பேரனுக்கு ஆஸ்துமா. அதனால் ஜூலிக்கு வேறு வீடு தேடுகிறேன். விசாரிப்பவர்கள் வயதைச் சொன்னதும் போனை வைத்துவிடுகிறார்கள். ஆறு வயது என்று சொல்லிவிடலாமா? ராத்திரியில் கொஞ்சம் இருமும், மற்றபடி சமர்த்து.
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: வேண்டாம். ஆறு வயதுப் பெண் நாய் என்றால், "இனிமே குட்டி போடுமா?" என்று கேட்பவர்தான் முதலில் வருவார். அவர் கையில் ஜூலி சிக்கவே கூடாது.

இதில் நான் சூடு பட்டவள். ஒரு கிழட்டு டாஷண்ட் நாய்க்கு வீடு தேடியபோது, காது மந்தம் என்பதை நானும் தோழியும் சொல்லாமல் விட்டோம். ஒன்பதாம் நாள் ஆட்டோவில் திரும்பி வந்தது. "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல, அவ்வளவு திமிர்" என்று புகார் வேறு.

கடைசி வரியில் போகிற போக்கில் இருமலைச் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வேலை. வயதான சின்ன ஜாதி நாய்களுக்கு இதய வால்வு தளர்வதும் மூச்சுக்குழாய் தொய்வதும் சகஜம், இரண்டிலும் இருமல் வரும். நம் ஊரில் பொமரேனியன் என்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். அதற்கும் இது பொருந்தும். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, எக்ஸ்ரேயும் கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். வெளியில் செலவு அதிகமென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போகலாம். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுக்காமல், நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். கருத்தடை ஆகாத நாய் என்றால் கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் அபாயம் உண்டு, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

பிறகு விளம்பரம். 'அன்பான செல்லம்' என்றெல்லாம் எழுத வேண்டாம், யார் வீட்டு நாய்தான் அன்பில்லாதது? இப்படி எழுதுங்கள்: "ஜூலி, பெண், பத்து வயதுக்கு மேல். இருமலுக்கு தினமும் இன்ன மாத்திரை, மாதம் இவ்வளவு ரூபாய். வெங்காயம், பூண்டு படாத குழைந்த சாதமும் கோழியும் சாப்பிடும். மாடி ஏறாது. பகலில் பாதி நேரம் தூக்கம்." மாத்திரைச் செலவைப் பார்த்த பிறகும் போன் செய்பவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

அப்படிப்பட்டவர் உண்டா என்றால், உண்டு. வீட்டு நாய் இறந்து வருஷமாகியும், குட்டியின் பின்னால் ஓடத் தெம்பில்லாமல் சும்மா இருக்கும் தம்பதிகள். அவர்கள் யார் யார் என்று நீங்கள் போகிற கிளினிக்கின் கம்பவுண்டருக்குத் தெரியும். அவர் காதில் போடுங்கள். வயதானவர்கள் எடுத்துக்கொண்டால், அவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோ உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வந்தவுடன் கொடுத்துவிடவும் வேண்டாம். இரண்டு தடவையாவது வந்து உட்கார்ந்து பழகட்டும். புது இடத்தில் முதல் மூன்று நாள் கட்டிலடியில் படுத்துச் சாப்பிடாமல் இருக்கலாம், வீடு பழக மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம்கூட ஆகலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேட் திறந்திருந்தால் உங்களைத் தேடிக் கிளம்பிவிடும், ஹார்னஸில் அவர்கள் போன் நம்பர் தொங்கட்டும். ஒத்துவராமல் திருப்பி அனுப்பினால், நீங்கள் கோவையில் இருக்கும்போது இங்கே யார் வாங்கி வைப்பது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

இன்னொன்று. ஜூலி படுக்கும் சாக்கோ பழைய புடவையோ எதுவானாலும் கூடவே கொடுத்தனுப்புங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று அதைத் துவைத்துத் தொலைத்துவிடாதீர்கள்.