நடைப்பந்தய வீரர் ஒருவரின் வாழ்க்கையில் அப்படி என்ன சுவாரசியம் இருந்துவிடப் போகிறது?

கேள்வியில் உள்ள கிண்டல் புரிகிறது. இடுப்பை வெட்டி வெட்டி நடக்கும் அந்தப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் சிரித்தவன்தான். ஒருநாள் மொட்டைமாடியில் விதிப்படி நடந்து பார்த்தேன். பத்தே நிமிடத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை கல்லாக இறுகிவிட்டது. சிரிப்பும் அன்றோடு நின்றது.

விதிகள் இரண்டுதான். கண்ணுக்குத் தெரிந்தவரை ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்வைக்கும் கால், தரையைத் தொட்டதிலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்காலில் மடங்கக் கூடாது. நடுவர்கள் வெறும் கண்ணால் பார்த்தே முடிவு செய்வார்கள். கேமராவுக்கு அங்கே வேலை இல்லை. நான் சொல்லப்போகும் காலத்தில், மூன்று நடுவர்கள் தனித்தனியே சிவப்பு அட்டை கொடுத்துவிட்டால் ஆள் வெளியே.

போலந்தின் ராபர்ட் கோர்செனியோவ்ஸ்கி இதை 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அனுபவித்தார். 50 கிலோமீட்டர் பந்தயம். மணிக்கணக்கில் நடந்து, இரண்டாவது ஆளாக மைதானத்துக்குள் நுழைகிற நேரத்தில் தகுதிநீக்கம். வயது 24. அதோடு விட்டுவிட்டு வேறு பிழைப்பைப் பார்த்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1996 அட்லாண்டாவில் அதே தூரத்தில் தங்கம் வாங்கினார்.

பிறகு 2000, சிட்னி. 20 கிலோமீட்டரில் மெக்சிகோவின் பெர்னார்டோ செகுரா முதலில் வந்தார். சில விநாடிகள் பின்னால் கோர்செனியோவ்ஸ்கி. மெக்சிகோ அதிபர் தொலைபேசியில் செகுராவை வாழ்த்திக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அதிகாரி ஒருவர் வந்து சிவப்பு அட்டையைக் காட்டுகிறார். மூன்றாவது அட்டை. தங்கம் கோர்செனியோவ்ஸ்கிக்குப் போனது. எட்டு வருடத்துக்கு முன் தன் தலையில் விழுந்த இடி இன்னொருவர் தலையில் விழுந்ததால் கிடைத்த பதக்கம்! அதை என்ன முகத்தோடு வாங்கியிருப்பார் என்று இன்றும் யோசிப்பேன்.

அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அவருடைய நேரம் 1 மணி 18 நிமிடம் 59 விநாடி. கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நம்மில் பலரால் அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடவே முடியாது. அந்த வேகத்திலும் நடையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதானே இந்த விளையாட்டே? போதாததற்கு, ஒரு வாரம் கழித்து 50 கிலோமீட்டரிலும் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் 20, 50 கிலோமீட்டர் நடைப்பந்தயங்கள் இரண்டையும் வென்ற முதல் ஆள் அவர்தான்.

2003 பாரிஸ் உலகப் போட்டியில் 50 கிலோமீட்டரை 3 மணி 36 நிமிடம் 3 விநாடியில் முடித்து உலக சாதனை. 2004 ஏதென்ஸில், 36 வயதில், 50 கிலோமீட்டரில் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். அத்துடன் ஓய்வு.

அந்த 50 கிலோமீட்டர் பந்தயமே இப்போது ஒலிம்பிக்கில் இல்லை. கடைசியாக 2021-இல், டோக்கியோ ஒலிம்பிக்குக்காக சப்போரோ நகரில் நடந்தது. வென்றவர் தாவித் தோமாலா. அவரும் போலந்துக்காரர்.