மனநோயோட திரும்பப் படிக்கப் போறவங்களுக்கு: டர்பன் கேள்வி பதில்

வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல மனநோய் உள்ளவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் ஒரு சப்போர்ட் குரூப் நடக்குது, அதை நடத்துறதுல நானும் ஒருத்தி. டாக்டர் இல்ல, ஆனா படிப்பு, ஃபார்ம், குடும்பம் பத்தித் தெரிஞ்சதைச் சொல்றேன்.

தம்பிக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்). 20 வயசுல படிப்பை விட்டான், இப்ப 31, மறுபடி படிக்கணும்ங்கிறான். அம்மா பயந்துபோய் வேணாம்னு அழறாங்க. விடலாமா அக்கா?

விடுங்கம்மா. இந்த நோய் நிறையப் பேருக்கு காலேஜ் போற வயசுலதான் வருது, அதனாலதான் படிப்பு பாதியில நிக்குது, அறிவு குறைவுன்னு யாரும் நினைக்க வேணாம். யூனிசா யூனிவர்சிட்டி 1946லருந்து தொலைதூரக் கல்வியில வீட்டுலருந்தே படிக்க வைக்குது, ஒண்ணு ரெண்டு மாட்யூலோட (பாடத்தோட) ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஆனா வீட்டுல ரூமுக்குள்ள தனியா உட்கார்ந்து படிக்கிறதுதான் இவங்களுக்கு ரொம்பக் கஷ்டம், அதனால வாரத்துல ரெண்டு நாள் லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போய் பக்கத்துல உட்காருங்க. பாடம் சொல்லித்தர வேணாம், உங்க வேலைய நீங்க பாருங்க, அவன் அவனோடதைப் பார்ப்பான். "எவ்வளவு முடிச்சே"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அம்மாவை ஒருநாள் குரூப்புக்குக் கூட்டிட்டு வாங்க.

நோயைப் பத்தி யூனிவர்சிட்டில சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடுமே?

லெக்சரர், கிளாஸ்மேட் யார்கிட்டயும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. டிஸேபிலிட்டி யூனிட்ல (உடல், மனக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு உதவுற பிரிவு) சொன்னா போதும், டர்பன்ல இருக்கிற யூ.கே.இசட்.என்., டி.யூ.டி. ரெண்டு யூனிவர்சிட்டிலயும் அது இருக்கு. போப்பியாங்கிற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உடல்நல விவரம் தனிப் பாதுகாப்புள்ள தகவல். டாக்டர் லெட்டர்ல நோயோட பேரை மட்டும் எழுதினா பிரயோஜனம் குறைவு, "ராத்திரி மருந்தால காலையில மயக்கமா இருக்கும், 9 மணிப் பரீட்சைக்குக் கூடுதல் நேரமும் தனி ரூமும் வேணும்"னு எழுதச் சொல்லுங்க, அப்பதான் அவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும்.

என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். (அரசாங்கப் படிப்பு உதவி) பணம் கிடைக்குமா? அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலை பார்க்கிறாங்க.

குடும்ப வருமான வரம்பு பொதுவா வருஷத்துக்கு 3,50,000 ராண்ட், டிஸேபிலிட்டி உள்ளவங்களுக்கு 6,00,000. நிறையப் பேர் இது தெரியாமலே அப்ளை பண்ணாம விட்டுடுறாங்க, எனக்கு அதான் ஆத்திரம். டிஸேபிலிட்டி ஃபார்மை டாக்டர் நிரப்பணும், அப்பாயின்ட்மென்ட்டை முன்னாடியே வாங்கிடுங்க.

புரட்டாசி விரதம், காவடி எல்லாம் எடுக்கிறேன். எனக்கு பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்), அதுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுறேன். பரீட்சையும் வருது.

இதை நல்லா கேட்டுக்கோ கண்ணு. மரக்கறி சாப்பாடு மட்டும்னா பயமில்ல. ஆனா சாப்பாட்டுல உப்பைத் திடீர்னு குறைச்சாலோ, தண்ணி குடிக்காம வெயில்ல நடந்தாலோ ரத்தத்துல லித்தியம் ஏறிடும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி பேதி, தள்ளாட்டம், பேச்சு குழறல் வந்தா அன்னிக்கே ஹாஸ்பிட்டல் போகணும். விரதத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி ரத்த டெஸ்ட் எடு, மாத்திரைய நீயா நிறுத்தாத. பூசாரி ஐயாகிட்டயும் சொல்லு, தண்ணி குடிச்சுக்கிட்டே நேர்ச்சை செய்ய வழி சொல்லுவாங்க.

நான் கோவில் கமிட்டில இருக்கேன். நாங்க என்ன செய்யலாம்?

அண்ணே, சொற்பொழிவு வேணாம். வார நாள்ல ஹால் சும்மாதானே கிடக்கு, ரெண்டு மேசை, ஒரு வைஃபை, கேள்வி கேட்காம டீ போட்டுக் குடுக்க ஒரு ஆயா, இவ்வளவு போதும். கேம்பஸுக்கும் கிளினிக்குக்கும் லிஃப்ட் குடுக்க நாலு பேர் பேரை எழுதி வைங்க. பேய் பிடிச்சிருக்குன்னு யாராவது பேசினா நீங்களே முன்னாடி நின்னு தடுக்கணும், கமிட்டி ஆள் சொன்னா சனம் கேட்கும்.

செமஸ்டர் நடுவுல மறுபடி முடியாம போனா?

நல்லா இருக்கும்போதே ஒரு தாள்ல எழுதி வைங்க: முதல்ல என்ன மாறும் (தூக்கம்தான் பெரும்பாலும்), யார் டாக்டருக்குப் போன் பண்ணணும், யார் யூனிவர்சிட்டிக்கு மெயில் போடணும். மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கி உடனே அனுப்புங்க, தவறின பரீட்சைய அப்புறம் எழுத அதுதான் ஆதாரம், ஆனா அதுக்குக் கெடு இருக்கு. உயிர விட்டுடலாம்னு தோணுச்சுன்னா சாடாக்ங்கிற மனநல உதவி அமைப்போட இலவச லைன் 0800 567 567, ராத்திரியானாலும் கூப்பிடுங்க.