வரும்போது காவிரி, போகும்போது தென்பெண்ணை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம். பெங்களூரில் மென்பொருள் வேலை. சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்டில் குடியிருக்கிறேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறது. அதற்கென்று ஒரு குழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி குப்பை பொறுக்குவோம், செடி நடுவோம். ஏரிக்குள் சாக்கடை விடுவதை எதிர்த்துக் கரையில் மனிதச் சங்கிலி நடத்துவதாக இப்போது முடிவாகியிருக்கிறது. பதாகை பிடிக்க வேண்டும், டிவிக்காரர்கள் வருவார்கள் என்கிறார்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் இடி. அல்சூரில் இருக்கும் என் தாய்மாமா, "தண்ணி விஷயத்துல போய் நிக்காதே. உன் பேரைப் படிச்சாலே தமிழன்னு தெரிஞ்சிடும். நான் 91-ஐப் பார்த்தவன்" என்கிறார். கூட வேலை செய்யும் தோழி பருவநிலை மாற்றத்துக்கான போராட்டங்களுக்கெல்லாம் போகிறவர். அவர், "பிளாஸ்டிக் பொறுக்கினா பூமியோட சூடு குறையுமா? இது வாக்கிங் போறவங்க போராட்டம்" என்று சிரிக்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. நான் போகலாமா? பதாகையைத் தமிழிலும் எழுதலாமா என்று ஒரு ஆசை இருக்கிறது, அது சரியா?

எஸ்.
(பெயரை வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள எஸ்.,

போங்கள். இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசலாம்.

மாமாவின் பயத்தைப் பழைய ஆட்களின் பயம் என்று ஒதுக்க மாட்டேன். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகளைத் தாக்கினார்கள், உயிர்கள் போயின, குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. அல்சூர் ஏரியை ஒட்டி நிற்கும் திருவள்ளுவர் சிலையை 1991-இல் திறப்பதாக இருந்தது. கடைசியில் திறந்தது 2009 ஆகஸ்டில். வள்ளுவரையே 18 ஆண்டு மூடி வைத்த ஏரிக்கரையில் குடியிருப்பவர், மருமகன் இன்னொரு ஏரிக்கரையில் பதாகையோடு நிற்பதை எப்படி ரசிப்பார்?

ஆனால் அதே அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அப்போது யாரும் யாரிடமும் எந்த மொழிக்காரன் என்று கேட்கவில்லை. காவிரிச் சண்டை, இருக்கிற தண்ணீரை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதில் வருகிறது. ஏரிக்குள் விழும் சாக்கடையில் யாரும் பங்கு கேட்டு வரப்போவதில்லை. இந்த வித்தியாசத்தை மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். உடனே ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. சொந்த ஊர் காவேரிப்பட்டணம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். இந்த விவகாரத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். பேர் சொல்ல ஒரு ஜீவநதி கிடையாது. மேட்டின் மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. மற்ற பக்கம் விழுவது ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு என்று இரண்டு வழியாகத் தட்சிண பினாகினியில் சேர்கிறது. அது எல்லை தாண்டினால் நம் தென்பெண்ணை. சர்ஜாபூர் சாலைப் பக்கத்து ஏரி எதுவானாலும் கோடி விழுந்தால், அதாவது நிரம்பி வழிந்தால், தண்ணீர் போய்ச் சேருவது அங்கேதான். ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, அப்புறம் காவேரிப்பட்டணம். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கி விவசாயிகள் புலம்பும் செய்தியை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அந்த நுரையில் உங்கள் வீட்டு சோப்புத்தூளும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெங்களூரின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரி வடிநிலத்துக்குள் வருகிறது, அதற்கு மட்டும்தான் குடிநீர் என்று 2007-இல் நடுவர் மன்றம் கணக்குப் போட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மொத்த நகரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 4.75 டிஎம்சி கூடுதலாகக் கொடுத்தது. இங்கே பட்டாசு, தமிழ்நாட்டில் கோபம். இரண்டு தரப்பும் அதற்கப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாயில் மேடேற்றிக் கொண்டுவரும் காவிரி, கிழக்கு பெங்களூரின் குளியலறைகளில் புகுந்து, வடிநிலம் மாறித் தென்பெண்ணையில் இறங்குகிறது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. உங்கள் பக்கம் இவ்வளவு காலமும் போர்வெல்லும் டேங்கரும்தான். நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்கென்று காவிரி ஐந்தாம் கட்டத்தை 2024 அக்டோபரில் தொடங்கி வைத்தார்கள். நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். குழாயில் தண்ணீர் வருவது சந்தோஷம்தான். அதில் ஐந்தில் நாலு பங்கு மறுநாள் சாக்கடை என்பதையும் சேர்த்துச் சந்தோஷப்பட வேண்டும்.

ஆகவே, வேற்று மாநிலத்துத் தண்ணீரில் நமக்கென்ன வேலை என்று மாமா கேட்டால், கீழே அதைக் குடிக்கிறதும் பாய்ச்சுகிறதும் நம் சொந்தக்காரர்கள்தான் என்று சொல்லலாம். இங்கே அழுக்காக்குகிறவர்களிலும் நாம் இருக்கிறோம்.

இனி உங்கள் தோழி. பாதி சரியாகச் சொல்கிறார். பிளாஸ்டிக் பொறுக்கினால் பூமி குளிராது. ஆனால் இந்த ஊருக்குப் பருவநிலை மாற்றம் வந்து சேரும் வாசல் எது என்று கேட்டால், ஏரிகளை இணைக்கும் பெரிய மழைநீர்க் கால்வாயான ராஜகாலுவே என்றுதான் நான் சொல்வேன். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரே இரவு மழையில் வெளிவட்டச் சாலை முங்கி, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஆபீஸ் போன காட்சி நாடு பூராவும் ஓடியது. உங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாடு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்தப் பக்கத்து ஏரிகள் வருஷம் முழுக்க நிரம்பி நிற்பதற்காக வெட்டியவை அல்ல. மழையில் நிரம்பும், மதகு வழியாகப் பாயும், கோடையில் வற்றும். வற்றிய தரையில் வண்டல் வெட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த மழைக்கு இடம் காலியாக இருக்கும். இப்போது சாக்கடை பன்னிரண்டு மாதமும் வந்து விழுவதால் ஏரி எப்போதும் தளும்பிக்கொண்டே இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டவனைப் பந்தியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? பெருமழை வரும்போது ஏரி ஒரு வாளித் தண்ணீரைக்கூட வாங்காமல் அப்படியே தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. மாநகராட்சி ஏரியைத் 'தண்ணீரோடு அழகாக' வைத்திருப்பதாகப் பெருமைப்படும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வறட்சியிலும் இதே கதைதான். 2023-இல் மழை பொய்த்தது. 2024 மார்ச்சில், நகரத்தின் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதல்வரே சொன்னார். சுற்றிலும் ஏரிகளில் தண்ணீர் நின்றது, யாரும் தொட முடியாத தண்ணீர்.

'பூமியின் சூடு' என்று தோழி மறுபடியும் கேட்டால் மீத்தேனைப் பற்றிச் சொல்லுங்கள். சாக்கடை அடியில் படிந்து ஆக்சிஜன் இல்லாமல் அழுகும்போது மீத்தேன் கிளம்புகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் சூடு பிடிக்கும். பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 என்று திரும்பத் திரும்பத் தீப்பிடித்ததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஏரி எரிந்து ராணுவம் வந்து அணைத்த ஊர் இது! ஏரிக்குள் சாக்கடை விழாமல் தடுப்பது பருவநிலைக்கான வேலை ஆகாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் 'வாக்கிங் போறவங்க போராட்டம்' என்றாரே, அது தைக்க வேண்டிய இடத்தில் தைக்கிறது. பல ஏரிக் குழுக்கள் கேட்பது என்ன? சுற்றி வேலி, நடைபாதை, விளக்கு, பெஞ்சு, காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று ஒரு போர்டு. வேலி வந்ததும் மீன் பிடிப்பவர்களும், மாட்டுக்குப் புல் அறுக்கும் பெண்களும், துணி துவைப்பவர்களும் வெளியே போகிறார்கள். சாக்கடை மட்டும் வேலிக்கு அடியில் உள்ளே வருகிறது. 2004-க்குப் பிறகு சில ஏரிகளை அரசு தனியாருக்கே குத்தகைக்கு விட்டது. என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் என்ற அமைப்பு வழக்குப் போட்டது, 2012-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏரிகளைக் காக்க விரிவான தீர்ப்புக் கொடுத்தது. மனிதச் சங்கிலியைவிட அந்த மாதிரி வேலை சலிப்பானது, போட்டோவும் வராது.

நல்லபடி நடக்கும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ஜக்கூர் ஏரிக்குப் போய் வாருங்கள். அங்கே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் நேராக ஏரிக்குள் விழுவதில்லை. நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பில் மெதுவாக ஊர்ந்து, இன்னொரு முறை தெளிந்து, பிறகுதான் உள்ளே போகிறது. மீன்பிடிப்பும் நடக்கிறது. நடைபாதையும் இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. முதலில் வரத்து, பிறகு வாக்கிங்.

சரி, நடைமுறைக்கு வருவோம். போலீஸிடம் அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று உங்கள் குழுவிடம் விசாரியுங்கள். பெங்களூரில் போராட்டம் என்றால் சுதந்திரப் பூங்காவில் மட்டும்தான் என்று 2021-இல் ஓர் ஆணை வந்திருக்கிறது. சர்ஜாபூர் சாலைச் சாக்கடையை எதிர்க்க, பழைய மத்திய சிறை இருந்த அந்தப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்பது யாருடைய யோசனையோ! பருவநிலைப் போராளி திஷா ரவியை 2021 பிப்ரவரியில் டெல்லி போலீஸ் இங்கே வந்து கைது செய்ததை உங்கள் தோழி மறந்திருக்க மாட்டார். விவசாயிகள் போராட்டம் தொடர்பான ஓர் ஆவணத்துக்காக, தேசத் துரோகப் பிரிவில். பத்து நாளில் ஜாமீன் கிடைத்தது. அதனால் மாமா 'பெயர்' என்று பயப்படுவதும், தோழியின் வயதுக்காரர்கள் 'எஃப்ஐஆர்' என்று பயப்படுவதும் இரண்டுமே கற்பனை இல்லை. கூட்டமாக, அனுமதியோடு, உள்ளூர்க்காரர்களை முன்னால் வைத்து நிற்பதுதான் பாதுகாப்பு. ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பழைய குடிகள் இன்னும் இருப்பார்கள். மதகு எங்கே இருந்தது, கோடி எந்தப் பக்கம் விழுந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பதாகை கன்னடத்தில் இருக்கட்டும். பயந்து சொல்லவில்லை. அதைப் படிக்க வேண்டிய உதவிப் பொறியாளர் கன்னடத்தில் படிப்பவர், பக்கத்துக் கிராமத்துக்காரர்களும் அப்படியே. எழுதத் தெரியாவிட்டால் கேட்டு எழுதுங்கள், கற்றுக்கொள்ளவும் அது ஒரு வழி. தமிழ்ப் பதாகையை கெலவரப்பள்ளிக்கு எடுத்துப் போகலாம், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. 'ஏரியைக் காப்போம்' என்று பொதுவாக எழுதாமல், எந்த வாய்க்கால் வழியாக, எந்த இடத்தில் சாக்கடை சேர்கிறது என்று இடத்தைச் சொல்லி எழுதினால் அதிகாரிக்குத் தப்பிக்க வழியிருக்காது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெங்களூர் ஏரிகளின் நீரைச் சோதித்து ஏ-யிலிருந்து இ வரை தரம் போட்டு மாதாமாதம் வெளியிடுகிறது. உங்கள் ஏரி பட்டியலில் இருந்தால் அந்த எழுத்தையும் பதாகையில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். பெரிய அப்பார்ட்மென்ட் என்றால் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கட்டாயம். கட்டியும் இருப்பார்கள். கரண்ட் பில்லுக்கும் பராமரிப்புச் செலவுக்கும் பயந்து அதை ஓட்டாமல், மழை இரவாகப் பார்த்துக் கால்வாயில் திறந்துவிடும் சங்கங்கள் இந்த ஊரில் உண்டு. அந்தச் சங்கங்களின் ஆட்கள் ஏரிக்கரையில் கைகோத்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பார்ட்மென்ட் அப்படி என்று சொல்லவில்லை. எஸ்டிபி தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, சுத்தம் செய்த தண்ணீர் எங்கே போகிறது, கடைசியாக எப்போது சோதனைக்கு அனுப்பினார்கள் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மனிதச் சங்கிலிக்கு முன்பே கூட்டம் வந்தால் இன்னும் நல்லது.