எல்லா ஆசிரியருக்கும் தொண்ணூறு மார்க்கா?

கேள்வி: சுற்றுச்சூழல் நிலைத்தன்மை பற்றி ஆசிரியர்களின் மனப்பான்மைதான் என் எம்.எட். ஆய்வு. 20 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. கிட்டத்தட்ட எல்லாருமே 90-க்கு மேல் வாங்கிவிட்டார்கள். வினாநிரலில் கோளாறா?
– மாணவி, மார்த்தாண்டம்

கோளாறு வினாநிரலில்தான். 'மரம் நடுவது அவசியம்' என்று எழுதினால் எந்த ஆசிரியர் இல்லை என்பார்? உங்கள் கூற்றுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். சமூகவியலாளர்கள் டன்லப்பும் வான் லியரும் 1978-இல் உருவாக்கி, 2000-இல் திருத்தப்பட்ட NEP (New Ecological Paradigm) என்ற சுற்றுச்சூழல் மனப்பான்மை அளவுகோலைப் பாருங்கள். அதில் 15 கூற்றுகள். 8 இயற்கைக்குச் சாதகம், 7 எதிர்மறை. எதிர்மறைக் கூற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 6-இலிருந்து கழித்தால் போதும். படிக்காமலே எல்லாவற்றுக்கும் 5 போட்டவர் இதில் 75-க்கு 47-தான் பெறுவார் (8×5 + 7×1). திருப்புவதற்கு முன்பே தாள்களைப் புரட்டி, ஒரே எண்ணாக ஓடும் தாளைத் தனியே எடுத்து வையுங்கள்.

எதிர்மறை என்றதும் 'இல்லை', 'கூடாது' என்று எழுதிவிடாதீர்கள். 'கூடாது' என்பதை 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று குறிக்கும்போது ஆளே குழம்பிப்போவார். 'வீடு இல்லாதவர்களுக்காக ஏலாவை (வயல்வெளியை) நிரப்புவது நியாயமே', 'பாறை உடைப்பதை நிறுத்தினால் கட்டுமான வேலை படுத்துவிடும்' என்று நம்மூர் விஷயத்தை வையுங்கள். அப்போதுதான் பதில்கள் பிரியும். 'பிளாஸ்டிக்கையும் பட்டாசையும் தடை செய்ய வேண்டும்' என்பது இரண்டு கேள்வி. ஒன்றை வெட்டுங்கள்.

தலைமையாசிரியர் கையால் வினாநிரல் கொடுத்து, பெயரும் எழுதச் சொன்னால் நல்ல பிள்ளைப் பதில்தான் வரும். பெயர் வேண்டாம், மூடிய உறையும் ஒரு பெட்டியும் போதும். முதலில் 30 பேரிடம் சோதித்து, கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7-க்குக் குறைந்தால் ஒட்டாத கூற்றுகளை நீக்குங்கள். அந்த 30 பேரை முதன்மை ஆய்வில் சேர்க்காதீர்கள். கடைசியாக, செயலைத் தனிப் பகுதியாகக் கேளுங்கள்: 'கடந்த 4 வாரத்தில் எத்தனை வகுப்பை வெளியே நடத்தினீர்கள்?' உங்கள் ஆய்வில் படிக்கத் தக்கது அந்த எண்ணுக்கும் மனப்பான்மை மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளிதான்.

கேள்வி: பசுமைப் படை (பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம்) வேலை என்றாலே மற்ற ஆசிரியர்கள் 'அது சயன்ஸ் டீச்சர் பாடு' என்று நழுவுகிறார்கள். அக்கறை இல்லையா?
– தலைமையாசிரியை, பூதப்பாண்டி

அக்கறைக் குறைவு என்று சொல்ல மாட்டோம். பாடவேளை இல்லை, பதிவேடு மட்டும் கூடுகிறது. சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொன்னது. அதைத் தனி வேலையாக்காமல், இருக்கிற பாடத்துக்குள் நுழைத்துவிடுங்கள். கணக்கு ஆசிரியர் ஒழுகும் குழாயடியில் 1 லிட்டர் பாட்டிலை வைத்து, நிறைய எத்தனை நிமிடம் என்று பார்க்கட்டும். 1440-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு நாள் இழப்பு லிட்டரில் கிடைக்கும். 20 நிமிடத்தில் நிறைந்தால் 72 லிட்டர். சமூக அறிவியலுக்கு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. வலசைப் பறவை பார்க்க டிசம்பர், ஜனவரி உகந்தது. தமிழாசிரியருக்கோ மலையும் காடும் வயலும் கடலும் நம் குமரி மாவட்டம் ஒன்றிலேயே. திணை நடத்த இதைவிட வசதி யாருக்கு? பொறுப்பை ஆண்டுதோறும் இருவராக மாற்றுங்கள். ஒருவரிடமே விட்டால், அவர் மாறுதலாகிப் போகும் நாளில் மன்றமும் போய்விடும்.

கேள்வி: சத்துணவுக் கூடக் கழிவை உரமாக்கினோம். ஜூன் மழையில் நாறிப் புழு வைத்துவிட்டது.
– ஆசிரியர், குலசேகரம்

ஈரம் மிஞ்சி, காற்று புகாததுதான் காரணம். ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு போட வேண்டும். மழைக்காலத்தில் உலர்ந்த சருகுக்கு எங்கே போவது? உங்கள் பக்கம் ரப்பர் இலை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கொட்டும். அப்போதே சாக்கில் கட்டி நனையாமல் வையுங்கள். மேலே கூரையும் அடியில் இடைவெளி விட்ட செங்கலும் வேண்டும். சாம்பார், ரசம் ஊற்றாதீர்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் இன்னும் சருகு சேர்த்துக் கிளறுங்கள்.