கழுவாத டப்பாவும் கொசு முட்டையும்: வாசகர் கேள்வி-பதில்

தீபாவளி நெருங்குவதால் எண்ணெய் பற்றிய கேள்விகள் வந்திருக்கின்றன. சிங்கப்பூரில் மறுபயனீட்டுப் பொருள்களுக்காக வைத்திருக்கும் நீலத் தொட்டி பற்றியவை வழக்கம்போல் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். தாழ்வாரச் சுவரில் ஒரு பிடி வைத்தால் தவறா? (பிடோக் வாசகி)

தவறுதான் அம்மா. 2020 முதல் வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வெள்ளி வரை. புறாவுக்கும் இதே விதிதான். படையலை வீட்டுக்குள் வைத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டாரே சாப்பிடுங்கள். சுவரில் வைக்கும் சோற்றில் பாதி கீழே விழுந்து எலிக்குத்தான் போகிறது.

மக்கும் பிளாஸ்டிக் பை என்று கடையில் விற்கிறார்களே, குப்பை கட்ட அதை வாங்கலாமா? (செங்காங் வாசகர்)

வேண்டாம். நம் வீட்டுக் குப்பை மண்ணுக்குப் போவதில்லை, எரிஆலைக்குப் போகிறது. மக்க அதற்கு நேரமே கிடைக்காது. காசுதான் கூட. அதை நீலத் தொட்டியிலும் போடக் கூடாது. சாதாரண பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதையும் கெடுத்துவிடும். ரொட்டிப் பை, அரிசிப் பை என்று வீட்டில் சேருவதிலேயே குப்பையைக் கட்டுங்கள்.

வாங்கிவந்த சாப்பாட்டு டப்பாக்களை வாரம் முழுக்கச் சேர்த்து நீலத் தொட்டியில் போடுகிறேன். "எல்லாம் எரிக்கத்தான் போகிறது, ஏன் வீணாகச் சுமக்கிறாய்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? (ஈசூன் வாசகி)

டப்பாவைக் கழுவினீர்களா என்று எழுதவே இல்லையே. உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதது. உணவு ஒட்டியது, திரவம் நிறைந்தது, அங்கே வரவே கூடாதது என்று எல்லாம் அதில் அடக்கம். அந்த 40 விழுக்காடு தன்னோடு நல்லதையும் இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் பெரிய கொடுமை. நம் ஊரில் தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்து, ஒரே லாரியில் அழுத்தப்பட்டுப் போகின்றன. மேலே ஒரு சாம்பார் டப்பா வாய் திறந்து கிடந்தால், அழுத்தும்போது சாம்பார் கீழே இருக்கும் செய்தித்தாள்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் இறங்கிவிடும். தாளை நீரில் கூழாக்கித்தான் மறுபடி தாளாக்குகிறார்கள். எண்ணெய் கூழில் கரையாது. புதுத் தாளில் கறையாக வந்து நிற்கும். ஆகவே அந்தத் தாளைப் பிரித்தெடுப்பவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் கழுவி, காயவைத்து, மடித்துப் போட்ட அட்டைப்பெட்டி இன்னொருவரின் சோம்பலால் எரிஆலைக்குப் போகிறது.

2024இல் வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 11 விழுக்காடு. மற்றவை பெரும்பாலும் எரிக்கப்படுகின்றன. அந்தச் சாம்பல் படகில் ஏறி சிமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது கணிப்பு. அதன் பிறகு கொட்ட நம்மிடம் வேறு தீவு இல்லை.

ஆகவே அம்மா, செய்ய வேண்டியது இதுதான். டப்பாவில் மிச்சமிருப்பதைக் கரண்டியால் வழித்துக் குப்பையில் போடுங்கள். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரிலேயே டப்பாவை ஒரு அலசு அலசினால் போதும், குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. மஞ்சள் கறை இருந்தால் பரவாயில்லை, பிசுக்குத்தான் இருக்கக் கூடாது. விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கினால் இன்னொரு அலசு. பிறகு கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரமாகப் போட்டால் பாதி வேலைதான் செய்தீர்கள். கறுப்புப் பையில் இறுகக் கட்டிப் போடாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று பிரிப்பவருக்குத் தெரியாது. பால் பெட்டி, ஊறுகாய் சீசா, ஷாம்பு போத்தல் எல்லாம் இதே முறைதான்: காலி செய்து, அலசி, காயவைத்துப் போடுங்கள்.

உள்ளே போகவே கூடாதவை: வெள்ளை நுரைப்பெட்டி, டிஷ்யூ, தோசை கட்டித்தந்த மெழுகு பூசிய பழுப்புத் தாள், பீங்கான், அடுப்பில் வைக்கும் கெட்டிக் கண்ணாடிப் பாத்திரம், பிளாஸ்டிக் கரண்டி. சந்தேகமாக இருந்தால் சாதாரணக் குப்பையில் போடுங்கள். "எதற்கும் போட்டுவைப்போம்" என்று நீலத் தொட்டியில் போடுவது உதவி அல்ல.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: எல்லாரும் சுத்தமாகப் போட்டால் எரிக்க வேண்டியிருக்காது. அவர் போடாமல் இருப்பது நீங்களும் போடாமல் இருப்பதற்குக் காரணமாக முடியாது.

பழைய புடவை, தலையணை எல்லாம் நீலத் தொட்டியில் போடலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

கூடாது. போடக் கூடாதவற்றைத் தொட்டியின் மேலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், தயவுசெய்து ஒரு தடவை பாருங்கள். உடுத்தக்கூடிய புடவையைத் துணி சேகரிக்கும் தனித் தொட்டியிலோ அறநிறுவனத்திலோ கொடுங்கள். தலையணை சாதாரணக் குப்பை.

காலிப் பானப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 10 காசு கிடைக்கும் வைப்புத்தொகைத் திட்டத்தில் போத்தலை நசுக்கிக் கொடுக்கலாமா? பையில் நிறைய இடம் பிடிக்கிறது. (பொங்கோல் வாசகி)

நசுக்காதீர்கள். வைப்புத்தொகை முத்திரையையும் பட்டைக்கோட்டையும் இயந்திரம் படிக்க வேண்டும். 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக் போத்தலும் உலோகக் கேனும் மட்டுமே சேரும். முத்திரை இல்லாத பழைய போத்தலுக்குக் காசு வராது. கண்ணாடிப் போத்தலும் பால் பெட்டியும் நீலத் தொட்டிக்கே, காலி செய்து, அலசி, காயவைத்து.

முறுக்கு, அதிரசம் சுட்டு முடித்தபின் இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய் மிஞ்சும். சுடுநீரோடு சேர்த்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டால் போய்விடாதா? (தெம்பனிஸ் வாசகி)

உங்கள் சமையலறையை விட்டுப் போகும், அடுக்குமாடி புளோக்கின் குழாயை விட்டுப் போகாது. சுடுநீர் இரண்டு மாடி இறங்குவதற்குள் ஆறிவிடும். அங்கே எண்ணெய் குழாய்ச் சுவரில் படிந்து, சோற்றுப் பருக்கையும் சோப்பு நுரையும் ஒட்டிக் கெட்டியாகும். அடைத்தால் கீழ்மாடிக்காரர் வீட்டில் கழிவுநீர் மேலேறும்.

எண்ணெயை முழுக்க ஆறவிடுங்கள், ஓர் இரவாவது. வடிகட்டி, வாங்கிய அதே போத்தலில் ஊற்றி மூடியை இறுக்குங்கள். தண்ணீர் கலக்கவே கூடாது. பயன்படுத்திய சமையல் எண்ணெய் சேகரிக்கும் இடம் வட்டாரத்தில் இருந்தால் அங்கே கொடுங்கள், அதிலிருந்து எரிபொருள் எடுக்கிறார்கள். ஒரு கரண்டி இரண்டு கரண்டி என்றால் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். எண்ணெய்த் தாள் நீலத் தொட்டிக்குப் போகக் கூடாது என்று மறுபடி சொல்லவேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

என் கருவேப்பிலைச் செடி வாடுகிறது. என்ன செய்யலாம்? (ஊர் குறிப்பிடாத வாசகர்)

எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது, தொட்டி என்ன அளவு, எப்போது தண்ணீர் ஊற்றுகிறீர்கள், இலை மஞ்சளாகிறதா சுருள்கிறதா என்று எதுவுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? பொதுவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் கருவேப்பிலை சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதால். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நாளுக்கு ஐந்து மணி நேர வெயிலாவது வேண்டும். தாழ்வாரத்தில் கிடைக்காவிட்டால் செடி பிழைத்திருக்கும், தழைக்காது. நுனி இலை சுருண்டு பிசுபிசுத்தால் பூச்சி. லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திர சோப்பும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள், வாரம் ஒருமுறை. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் தொட்டியை வைக்க வேண்டும், மறக்காதீர்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அடுத்த பதிலையும் படியுங்கள்.

பூந்தொட்டித் தட்டில் இருக்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுகிறேன். அப்படியும் கொசுப்புழு வருகிறதே? (ஹவ்காங் வாசகர்)

டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் ஒட்டி வைக்கிறது. கரும்புள்ளிபோல, மிகச் சிறியதாக இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் முட்டை அப்படியே நிற்கும், மாதக்கணக்கில் காய்ந்தும் சாகாது. அடுத்து தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, பழைய பல்துலக்கியால் சுவரைத் தேயுங்கள். தட்டையே எடுத்துவிடுவது அதைவிட நல்லது. தொட்டி மண் மேலே இறுகிப்போயிருந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கும், கிளறிவிடுங்கள். துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகும் குழாய்க்கு மூடி போடுங்கள். வீட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் புளோக்கில் வோல்பாக்கியா கொசுக்களை விட்டபிறகு கடி அதிகமாகிவிட்டது. (தோ பாயோ வாசகி)

ஏடிஸ் பெருகாமல் இருக்க விடுவது வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை மட்டும், ஆண் கொசு கடிக்காது. கடிப்பது வேறு. மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

சமையலறைக் கழிவில் உரம் செய்தேன், நாற்றம் தாங்கவில்லை, தூக்கிப்போட்டுவிட்டேன். (புக்கிட் பாத்தோக் வாசகர்)

நாறினால் ஈரம் அதிகம் என்று பொருள். ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்தது வேண்டும்: காய்ந்த இலை, கிழித்த அட்டை, தேங்காய் நார்த்தூள். 20 லிட்டர் வாளியின் பக்கவாட்டில் ஓட்டைகள் போட்டு, அடியில் ஒரு சாண் காய்ந்த இலை பரப்பி, தோலும் இலையுமாக அடுக்குங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. சோறு, மீன், தயிர், புளித்த இட்லி மாவு போடாதீர்கள். தேங்காய் ஓடு வருடக்கணக்கில் மக்காது. டீத்தூளும் முட்டை ஓடும் நல்லவை. இரண்டு மாதத்தில், ஏறக்குறைய, கறுப்பாக மண்வாசனையோடு வரும். அடித்தட்டில் கசியும் நீரைத் தினமும் கொட்டுங்கள், அதிலும் கொசு வரும்.

உப்பிப்போன பவர் பேங்க் ஒன்று இருக்கிறது. குப்பைக் குழாயில் போட்டுவிடவா? (ஜூரோங் வாசகர்)

போடவே போடாதீர்கள்! குழாயில் விழுந்து அடிபட்டாலோ லாரியில் நசுங்கினாலோ தீப்பிடிக்கும். நல்ல நிலையில் உள்ள பவர் பேங்கையும் பழைய கைப்பேசியையும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம். தனி பேட்டரி என்றால் முனைகளில் டேப் ஒட்டிய பிறகு. உப்பியதைத் தொட்டியிலும் போடக் கூடாது. சார்ஜ் போடாமல், குத்தாமல், உலோகப் பாத்திரத்தில் மணலுக்கு மேல் வைத்து, எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு மின்கழிவு சேகரிக்கும் நிறுவனத்தை அழைத்து எங்கே கொண்டுவருவது என்று கேளுங்கள்.

தண்ணீர்க் கட்டணம் திடீரென்று ஏறிவிட்டது. வீட்டில் ஆள் கூடவில்லை. (அங் மோ கியோ வாசகி)

கழிவறைத் தொட்டியைச் சந்தேகியுங்கள். தொட்டியில் சில சொட்டு உணவு வண்ணம் விட்டு, 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அடைப்பு ரப்பர் போய்விட்டது. சில வெள்ளியில் கிடைக்கும், நீங்களே மாற்றலாம். நிறம் வரவில்லையென்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் சுவருக்குள் கசிவு, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.