சீனச் சிற்றூரில் மலிவாக வாழலாம், ஆனால் எந்த விசாவில்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜவுளித் தொழில்நுட்பத்தில் பி.டெக் முடித்து, கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிற பிள்ளை, வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, மலிவாக வாழலாம் என்று சீனாவில் யாங்ஷுவோ என்ற ஒரு சின்ன ஊரில் போய் இருக்கப்போகிறேன் என்று நின்றால் எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "டூரிஸ்ட் விசாவில் போகட்டும், அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், அப்புறம் விசாவை மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் அந்த ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

சீனாவில் ஆங்கில ஆசிரியராக வேலை செய்ய அரசு தரும் அனுமதி, பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. உங்கள் பிள்ளை (தம்பி என்றே சொல்கிறேன்) எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு திறப்பது அரிது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்தால் அது சட்டவிரோத வேலை. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டப்படி அதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. குற்றம் பெரிதென்று கருதினால் 5 முதல் 15 நாள் காவலிலும் வைப்பார்கள், நாட்டைவிட்டும் அனுப்புவார்கள். ஒரு யுவான் ஏறத்தாழ 12, 13 ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிடிபட்டால் மாட்டிக்கொள்வது உங்கள் பிள்ளைதான், ஏஜெண்ட் இல்லை.

தம்பி வீடியோவில் பார்த்தது பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்லும் யாங்ஷுவோ உண்மையிலேயே அழகான ஊர். குவாங்ஷி தன்னாட்சிப் பகுதியில் குவெய்லின் நகரத்துக்குக் கீழே, லி ஆற்றங்கரையில், செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அந்த ஆற்றின் காட்சிதான். பாறை ஏறுகிறவர்களும் மொழி படிக்கிறவர்களுமாக வெளிநாட்டவர் அங்கே பல ஆண்டுகளாகத் தங்குகிறார்கள். யுன்னான் மாகாணத்தில் உள்ள டாலி என்ற ஊரும் அப்படித்தான். இப்படிப்பட்ட ஊர்களில் பத்து யுவானுக்குள் ஒரு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுவிடலாம். வாடகையும் ஷாங்காயோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் வாடகையை மாதாமாதம் வாங்க மாட்டார்கள். ஒரு மாத அட்வான்ஸோடு மூன்று மாத வாடகையைச் சேர்த்து முதலிலேயே கேட்பதுதான் வழக்கம், அதனால் போய் இறங்கும்போதே நான்கு மாத வாடகை கையில் இருக்க வேண்டும்.

ரஷ்ய எல்லைப் பக்கம் இருக்கும் ஹெகாங்கில் வீடு கொள்ளை மலிவு என்றும் எழுதியிருந்தீர்கள். மலிவுக்குக் காரணம், அது நிலக்கரி குறைந்து, இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிவிட்ட ஊர். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்குப் போகும். சீனாவில் படிப்போ வேலையோ இல்லாத வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்கவும் முடியாது. அந்த யோசனையை விட்டுவிடலாம்.

குளிர் என்றதும் இன்னொன்று. வடசீனாவில் வீட்டுக்கு வீடு குழாய் வழியாகச் சூடு வரும். தெற்கே அந்த ஏற்பாடு கிடையாது. அதனால் யாங்ஷுவோ போன்ற ஊரில் வெளியே 6 டிகிரி என்றால் அறைக்குள்ளும் ஏறக்குறைய அதே குளிர்தான், ஈரமும் சேர்ந்துகொள்ளும். கரூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் முதல் அதிர்ச்சியாக இருக்கும்.

சின்ன ஊரில் வெளிநாட்டவரின் அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் தங்கினால் போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் எல்லாம் கேட்பார்கள். பதிவு முடிந்ததும் ஒரு தாள் அச்சடித்துத் தருவார்கள். தங்கும் அனுமதி வாங்கப் போகும்போது அந்தத் தாள் இல்லாமல் வேலை நடக்காது, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹோட்டலில் தங்கினால் இதை ஹோட்டலே செய்துவிடும். ஆனால் சின்ன ஊர்களின் சிறிய விடுதிகளில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை எப்படிப் பதிவு செய்வது என்றே தெரியாமல், அறை இல்லை என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. முதல் சில இரவுகளுக்காவது வெளிநாட்டவரை ஏற்கும் விடுதியைக் கேட்டு உறுதி செய்துகொண்டு போக வேண்டும்.

காய்கறிக்காரர் வரை அலிபே, வீசாட் என்ற போன் செயலிகள் மூலம்தான் பணம் வாங்குகிறார்கள். வெளிநாட்டு வங்கிகளின் விசா (Visa), மாஸ்டர்கார்டு அட்டைகளை அவற்றில் இணைக்க முடியும். 200 யுவானுக்கு மேல் செலுத்தினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பது வழக்கம். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் அங்கே நேரடியாக வேலை செய்யாது. வீடியோ கால் எப்படிப் பேசுவது என்பதை இங்கேயே முடிவு செய்து, நீங்களும் பேசிப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் போன் வராமல் நீங்கள் தவித்துப்போகக் கூடாது. வீட்டில் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். கீரைப் பொரியல் மாதிரித் தெரிவதிலும் பன்றிக் கொழுப்போ சிப்பி சாஸோ இருக்கும், அதனால் சொந்தமாகச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மொழி முக்கியம். பெருநகரங்களில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துவிடலாம். சிற்றூர் ஆஸ்பத்திரியில் வயிற்றுவலி எங்கே என்று சொல்லக்கூட சீனம்தான் வேண்டும்.

சரி, போகவே கூடாதா என்றால், போகலாம், போகவும் வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஜவுளி படித்தவருக்குச் சீனாவைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. மலிவான ஊரைப் பிடித்துவிட்டு வேலையை அப்புறம் தேடுகிறார் தம்பி. அந்த வரிசையை மாற்றினால் போதும்.

செஜியாங் மாகாணத்தில் ஷாவ்ஷிங் நகரத்தைச் சேர்ந்த கெச்சியாவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. சீனாவின் மிகப் பெரிய துணிச் சந்தை அங்கேதான். இந்திய வணிகர்கள் நெடுங்காலமாகத் தங்கித் தொழில் செய்வதால் நம் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. யாங்ஷுவோ அளவுக்கு மலிவாகவோ அழகாகவோ இருக்காது. ஆனால் துணியின் தரம் பார்க்கவும், ஆலைகளோடு பேசி ஆர்டரைக் கவனிக்கவும் தம்பி மாதிரி ஆட்களுக்கு அங்கே வேலை உண்டு.

முறையான வேலை அனுமதிக்குப் பொதுவாகக் கேட்பது இளநிலைப் பட்டமும் அதற்குப் பிறகு இரண்டு வருட அனுபவமும். தம்பிக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி. அதனால் இப்போது வேலையை விடவே கூடாது. இரண்டு வருடம் நிறைந்ததும், பதவியும் தேதிகளும் தெளிவாக இருக்கும்படி அனுபவக் கடிதம் வாங்கட்டும். இந்த ஆறு மாதத்தில் சீன மொழித் தேர்வான எச்எஸ்கேயில் இரண்டாம் நிலை வரையாவது படித்துவிடலாம்.

அதன்பிறகு இரண்டு வழிகள். ஒன்று, சீன நிறுவனமோ அங்கே இயங்கும் இந்திய நிறுவனமோ வேலை அனுமதிக்கு விண்ணப்பித்து, வேலைக்கான இசட் விசாவில் அழைத்துக்கொள்வது. இன்னொன்று, படிப்பு. எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. கெச்சியாவுக்குப் பக்கத்திலேயே ஹாங்சோவில் செஜியாங் சை-டெக் பல்கலைக்கழகம் இருக்கிறது, பட்டுத் தொழில் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்தது, ஜவுளிக்குப் பெயர் பெற்றது. சீன அரசின் உதவித்தொகை கிடைத்தால் முதுநிலை மாணவருக்குக் கல்விக் கட்டணம் போக மாதம் 3,000 யுவான் தருகிறார்கள். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில், வகுப்பு செப்டம்பரில். மாணவர் விசாவில் இருந்துகொண்டு அனுமதியில்லாமல் பகுதிநேர வேலை பார்ப்பதும் குற்றம்தான், அதை மட்டும் அழுத்திச் சொல்லிவையுங்கள். விடுமுறையில் யாங்ஷுவோவுக்கு ரயிலேறிப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வரட்டுமே, யார் தடுக்கப்போகிறார்கள்?

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். சீனாவில் விசா, சிம் கார்டு, வங்கிக் கணக்கு, அலிபே எல்லாவற்றிலும் பெயர் எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தம்பியையே பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் பெயர்த் திருத்தத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டு, இரண்டின் நகலையும் எனக்கு அனுப்புங்கள்.