ஒரே பெயரில் இரண்டு பேர்

அன்புள்ள டாக்டர்,

எனக்கு 52 வயது. என் தம்பி 1999 கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் இறந்தவன். அப்போது அவனுக்கு 22.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் அவனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. அவன் முகமே இல்லை அது, யாருடைய மீசையோ. முன்பெல்லாம் கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று அம்மாவை மேடையேற்றிச் சால்வை போடுவார்கள். இந்த வருஷம் மரக்கன்று நடும் விழாவோடு சேர்த்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பேசியவர் அவன் பெயரையே தப்பாகச் சொன்னார்.

என் அண்ணன் இன்னும் மோசம். தம்பி இறந்ததற்கு வந்த பணத்தில் கட்டிய வீடு அது. தை மாதம் பெயின்ட் அடித்த கையோடு, ஹாலில் இருந்த அவன் படத்தை மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கேட்டால், "எவ்வளவு நாளைக்கும்மா?" என்கிறார்.

பெட்டி வந்த அன்றைக்கும் இப்படித்தான். ஒரு தடவை முகத்தைப் பார்க்கிறோம் என்று நானும் அம்மாவும் கெஞ்சினோம். திறக்கவே கூடாது என்று அண்ணன்தான் எங்களைப் பிடித்து இழுத்தார். ராத்திரியில் கொல்லைப்பக்கம் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுகிற பயல் அவன். அந்த மலையில் இருட்டில் எப்படி ஏறினானோ!

2001-ல் எனக்குப் பையன் பிறந்தபோது தம்பியே வந்துவிட்டான் என்றார்கள். அவன் பெயரையே வைத்தோம். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டுமே, மனையில் தம்பி படத்தைச் சாத்தி அதன் முன்னால் பிள்ளையை உட்காரவைத்தோம். அவன்கூட இந்த முறை விழாவுக்கு வரவில்லை. பெங்களூரில் வேலை. ஆபீஸில் அப்பா பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுகிறார்களாம், பாஸ்போர்ட்டில் அப்படி வந்துவிட்டதாம். அதை விடுங்கள். படத்தை மறுபடி ஹாலில் மாட்ட அண்ணனிடம் எப்படிப் பேசுவது?

— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

அண்ணனிடம் அப்புறம் வருகிறேன். "அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்பது நம் ஊரில் பலருக்கும் நடப்பதுதான். பெரும்பாலோர், "அது அப்பா பெயர், என் பெயர் இது" என்று திருத்திவிடுவார்கள். உங்கள் மகன் திருத்தவில்லை.

ஓவியர் வின்சென்ட் வான்கா 1853 மார்ச் 30 அன்று பிறந்தவர். சரியாக ஒரு வருஷம் முன்பு, அதே தேதியில், அவருடைய அண்ணன் இறந்தே பிறந்தான். அவனுக்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். அப்பா பாதிரியாராக இருந்த தேவாலயத்தின் வளாகத்திலேயே தன் பெயர் பொறித்த கல்லறை. உங்கள் பையன் பள்ளிக்கூடம் போக எங்கே நின்று பஸ் ஏறினான் என்று யோசித்துப் பாருங்கள்.

இறந்துபோனவரின் இடத்தில் வைத்து வளர்க்கப்படும் பிள்ளையைப் பதிலிக் குழந்தை என்று சொல்வோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. முந்தைய போர்களில் இறந்த வீரர்கள் பலரை எல்லைப் பக்கமே எரித்துவிட்டார்கள். கார்கிலில்தான் ஊர் ஊராக உடல்கள் வீடு வந்தன. வீடு வரை வந்தும் உங்களுக்கு முகம் கிடைக்கவில்லை. அந்த முகத்தைத் தொட்டிலில் தேடினீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் அது தொட்டிலில் கிடந்த பிள்ளையின் தப்பு இல்லையே! அவனுக்கு 24 வயதாகிறது. மாமாவைப் போல இரு என்றால், 22-க்கு அப்புறம் அவன் யாரைப் போல இருப்பான்?

527 வீரர்கள் இறந்த போர் அது. திராஸில், தோலோலிங் மலையடியில் உள்ள நினைவிடத்துச் சுவரில் அவர்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெயரைச் சுமக்கிற வேலையைக் கல் பார்த்துக்கொள்ளும், பையனை விட்டுவிடுங்கள்.

அண்ணன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒருவேளை அவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். இத்தனை வருஷமாக அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாரோ என்னவோ. சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே அந்தப் படம் இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஒரு நாள் கேளுங்கள், சண்டைக்குப் போகாமல்.

உங்கள் கடிதத்தில் தம்பி உயிரோடு இருப்பது ஒரே இடத்தில்தான், கொல்லைப்பக்கம் போகப் பயந்து அக்காவைக் கூப்பிடுகிறானே, அங்கே. கார்கிலில் பெரும்பாலான மலைகளில் நம் வீரர்கள் ராத்திரியில்தான் ஏறினார்கள். அந்தப் பயலும் பயத்தோடு ஏறியிருப்பான். மேடையில் பேசுகிற யாருக்கும் இது தெரியாது. உங்கள் மகனுக்காவது தெரியுமா?

ஏதாவது ஒரு சாதாரண நாளில், ஜூலை வேண்டாம், அவனுக்கு ஃபோன் போடுங்கள். முதலில் அவன் வேலையைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம் அந்தக் கொல்லைப்பக்கக் கதையைச் சொல்லுங்கள். உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேளுங்கள். அவன் என்ன சொன்னாலும் முதல் தடவை உங்களுக்கு நாக்கு வராது. பரவாயில்லை, இரண்டாவது தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.